தடுப்பூசி பாதிப்பு வழக்கில் அரசு தரும் சமரசத் தொகையை வாங்கிக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் இப்படி: நியூ ஜெர்சியில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கும் அக்காவுக்கு ஃப்ளூ ஊசி போட்ட கையில் தோள்பட்டை வலி வந்து, தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் போனது. வழக்கு போட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அரசுத் தரப்பு ஒரு தொகை சொல்லி, முடித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அவர்கள் அனுப்பிய பத்திரத்திலேயே "ஊசியால்தான் இந்தப் பாதிப்பு என்பதை மறுக்கிறோம்" என்று இருக்கிறது. மறுப்பவர்கள் ஏன் பணம் தருகிறார்கள், வாங்கினால் அக்கா பொய் சொன்னதாக ஆகிவிடாதா, வக்கீல் எவ்வளவு எடுத்துக்கொள்வார், பெயர் வெளியே வருமா?

முதலில் ஒன்று. அந்த மறுப்பு வரி இந்த வகைச் சமரசப் பத்திரங்களில் வழக்கமாக வரும் வரி. உங்கள் அக்காவைக் குறிவைத்து யாரும் எழுதியதில்லை. அதைப் பார்த்து மனம் நொந்து கையெழுத்துப் போடாமல் இருப்பதும் சரியில்லை, அரசே தருகிறது என்று படிக்காமல் போடுவதும் சரியில்லை. பார்க்க வேண்டியவை இரண்டுதான்: கேஸில் இருக்கும் ஓட்டை எவ்வளவு பெரியது, அக்காவின் தோள் இனிமேல் எப்படி இருக்கப்போகிறது. நான் வக்கீல் இல்லை. இந்த மாதிரி மனுக்களுக்கு மருத்துவப் பதிவுகளை வரவழைத்து, தேதிவாரியாக அடுக்கி, வக்கீல் கையில் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். முடிவு அக்காவும் அவர் வக்கீலும் எடுக்க வேண்டியது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் மறுத்துக்கொண்டே பணம் தருவது ஏன் என்பது புரியும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கக்குவான் இருமல் மருந்து கலந்த டிபிடி ஊசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கிறது என்று வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பை விட்டு விலகின, விலை ஏறியது, ஊசிக்கே தட்டுப்பாடு வரும் நிலை. அதனால் 1986 நவம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டு ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1988 அக்டோபர் 1 முதல் தேசியத் தடுப்பூசி பாதிப்பு இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஏற்பாடு இதுதான்: பாதிக்கப்பட்டவர் நேராகக் கம்பெனி மேலோ ஊசி போட்டவர் மேலோ வழக்குப் போட முடியாது, முதலில் இந்தத் திட்டத்துக்குத்தான் வர வேண்டும். பதிலுக்கு, யார் தப்பு செய்தார்கள் என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. ஊசியால் பாதிப்பு வந்தது என்று காட்டினால் போதும். பணம் வருவது ஒரு தனி நிதியிலிருந்து. ஒவ்வொரு டோஸிலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி அந்த நிதிக்குப் போகிறது; ஃப்ளூ ஊசிக்கு 75 சென்ட், தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசிக்கு 2.25 டாலர். அக்கா வருஷா வருஷம் போட்டுக்கொண்ட ஊசிகளிலும் அந்த 75 சென்ட் உண்டு.

எதிர்த்தரப்பு மத்திய சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக வாதாடுவது, அரசு வழக்குகளை நடத்தும் மத்திய நீதித்துறையின் வக்கீல்கள். வழக்கு நடப்பது வாஷிங்டனில் உள்ள கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸில். ஜூரி கிடையாது, ஸ்பெஷல் மாஸ்டர் என்று அழைக்கப்படுகிறவர்கள் விசாரித்துத் தீர்ப்பு சொல்வார்கள். குடியுரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, அதனால் ஹெச்1பி விசாவில் இருப்பவர்களும் மனு போடலாம். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அது மட்டும் கறார்.

இப்போது அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு. எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு, எவ்வளவு நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். கடுமையான ஒவ்வாமை என்றால் 4 மணி நேரம். ஃப்ளூ ஊசிக்குப் பிறகு வரும் கில்லன்-பாரே நரம்பு நோய் என்றால் 3 முதல் 42 நாள். ஊசி போட்டதால் வரும் தோள்பட்டைக் காயம் என்றால் 48 மணி நேரம். கடைசியாகச் சொன்ன இரண்டும் 2017 மார்ச்சில்தான் அட்டவணையில் ஏறின. தோள்பட்டைக் காயத்தில் மருந்தின் மேல் குற்றம் சொல்வதைவிட ஊசி இறங்கிய இடத்தைத்தான் சொல்ல வேண்டும். தசையில் இறங்க வேண்டிய ஊசி ரொம்ப மேலே, மூட்டை ஒட்டிய பையிலோ தசைநாரிலோ இறங்கிவிட்டால் அங்கே வீக்கமும் இறுக்கமும் வந்துவிடும். அண்மை ஆண்டுகளில் வரும் மனுக்களில் பாதிக்கு மேல் இந்தத் தோள்பட்டைக் கேஸ்கள்தான்.

அட்டவணைக்குள் பொருந்திவிட்டால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் அரசுக்கு. தோள்பட்டைக்கு நான்கு நிபந்தனைகள். முன்பு அந்தத் தோளில் வலியோ கோளாறோ இருந்திருக்கக் கூடாது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும். வேறு நோய் அதை விளக்கக் கூடாது. இதோடு, பெரும்பாலான பாதிப்புகளுக்குப் பொதுவாக, விளைவு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். அட்டவணைக்கு வெளியே போனால் ஊசியால்தான் வந்தது என்பதை நாம் நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணத்தின் அளவை அங்கே நீதிமன்றத்தில் "ஐம்பது சதவீதமும் ஓர் இறகும்" என்பார்கள். தராசு ஓர் இறகு அளவு நம் பக்கம் சாய்ந்தால் போதும். அந்த இறகை வைப்பதற்குள்தான் வருஷங்கள் போய்விடுகின்றன.

பணம் கிடைக்கும் வழிகளில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சுகாதாரத் துறை மருத்துவர்கள் பதிவுகளைப் பார்த்துவிட்டு, ஆமாம், இது அட்டவணைக்குள் வருகிறது என்று ஏற்றுக்கொள்வது. அப்போது ஸ்பெஷல் மாஸ்டர் உரிமை உண்டு என்று உத்தரவு போட்டுவிடுவார், பிறகு எவ்வளவு என்பதை மட்டும் பேசுவார்கள். அதில் ஒத்துப்போனால் அரசு தாக்கல் செய்யும் தாளுக்குப் புரொஃபர் என்று பெயர். இன்னொன்று, ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் விசாரணைக்குப் போனால் இரண்டு பக்கமும் தோற்கும் ஆபத்து இருக்கிறது, அதனால் நடுவில் ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வோம் என்பது. இதற்கு ஸ்டிபுலேஷன். அக்காவுக்கு வந்திருப்பது இரண்டாவது. இந்தத் திட்டத்தில் இழப்பீடு பெற்ற கேஸ்களில் சுமார் 60 சதவீதம் இப்படிப் பேசி முடித்தவைதான். சுகாதாரத் துறை ஊசிதான் காரணம் என்ற முடிவுக்கு வராமலே பணம் கொடுத்த கேஸ்கள் அவை. அக்கா ஏதோ விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். எண் போட்ட பத்திகளாக இருக்கும், நான் பார்த்த எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சு. முதல் பத்திகளில் யார், எந்த ஊசி, எந்தத் தேதி, அமெரிக்காவில்தான் போடப்பட்டது, இன்ன பாதிப்பு வந்தது, 6 மாதத்துக்கு மேல் நீடித்தது என்று மனுதாரர் சொல்கிறார். இதே பாதிப்புக்காக வேறு வழக்கில் பணம் வாங்கியதில்லை என்றும் அவரே சொல்கிறார். அடுத்து அரசு மறுக்கிறது. அதற்கு அடுத்த பத்தியில்தான் விஷயம்: அவரவர் நிலையில் நின்றுகொண்டே, இரு தரப்பும் இதை முடித்துக்கொள்ளவும் இழப்பீடு வழங்கி உத்தரவு வரவும் ஒப்புக்கொள்கிறார்கள். இதைக் கவனியுங்கள், அக்காவும் தன் நிலையில் நிற்கிறார். ஊசியால்தான் வந்தது என்று அவர் மனுவில் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றிக்கொள்ளவில்லை. அப்புறம் தொகை, மொத்தமாக ஒரே காசோலையாகவா என்பது, வக்கீல் கட்டணம் தனியாக முடிவாகும் என்ற வரி. பிறகு ஒரு நீளமான பத்தி, இனி இது தொடர்பாக அமெரிக்க அரசின் மேலோ செயலர் மேலோ எந்தக் கோரிக்கையும் இல்லை என்று விடுவிப்பது. கடைசிப் பக்கத்தில் மறுபடியும், இதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வரி. ஆகவே பொய் சொன்னதாக ஆகுமா என்ற கவலையை விடுங்கள்.

அரசு ஏன் தருகிறது என்றால், அக்கா போட்டது போன்ற கேஸில் பெரும்பாலும் ஏதோ ஒரு நிபந்தனை தொங்கிக்கொண்டிருக்கும், அதே சமயம் முழுதாக அறுந்தும் போயிருக்காது. என் அனுபவத்தில் அது அநேகமாக 48 மணி நேரம்தான். நம் ஆட்கள் வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும், நாலு நாளில் போய்விடும் என்று இருப்பார்கள்; தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மாத்திரை போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் போவார்கள். அங்கே பிசியோதெரபி மையத்தில் முதல் நாள் ஒரு படிவம் கொடுப்பார்கள். எப்போது தொடங்கியது என்ற கட்டத்தில் "இரண்டு மாதமாக" என்று எழுதிவிடுவார்கள். திடீரென்று வந்ததா, மெதுவாக வந்ததா என்று இரண்டு பெட்டி இருக்கும்; மெதுவாக என்பதில் டிக். ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும், தாளில் இரண்டு மாதம் என்று இருக்கும். எழுதியவர் அன்று கணக்குப் பார்த்து எழுதவில்லை, வலியோடு உட்கார்ந்து அவசரமாக நிரப்பியிருப்பார், ஆனால் ஒன்றரை வருஷம் கழித்து நீதித்துறை வக்கீலின் அறிக்கையில் அந்த ஒரு டிக் ஒரு முழுப் பத்தியாக வந்து நிற்கும்.

இன்னொன்று எந்தக் கை என்பது. ஃபார்மசியின் கம்ப்யூட்டரில் "இடது கை" என்பது தானாகவே நிரம்பியிருக்கும் கேஸ்கள் நிறைய. போட்டது வலது கையில், பதிவில் இடது. இதை ஸ்பெஷல் மாஸ்டர்களும் அறிவார்கள், பிந்தைய சிகிச்சைப் பதிவுகள் எல்லாம் ஒரே குரலில் வலது என்றால் பொதுவாக அதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனாலும் அது ஒரு தகராறு, ஒரு தகராறுக்குப் பல மாதம் போகும். அதனால் அக்காவின் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது தொகை பற்றியே இல்லை. அரசுத் தரப்பு தாக்கல் செய்த அறிக்கையைக் கொடுங்கள், அவர்கள் எந்தக் காரணத்துக்காக மறுத்தார்கள் என்று படித்துக் காட்டுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். விதிப்படி அப்படி ஓர் அறிக்கை வந்திருந்தால் அதில் ஓட்டை என்ன என்று வெளிப்படையாக இருக்கும். அறிக்கை வருவதற்கு முன்பே பேச்சு தொடங்கியிருந்தால், வக்கீலே வாய்மொழியாக விளக்க வேண்டும், அவருக்குத் தெரியும்.

ஓட்டை சின்னது என்றால், உதாரணமாக முதல் டாக்டர் பதிவிலேயே "ஃப்ளூ ஊசி போட்ட நாளிலிருந்து வலி" என்று இருக்கிறது, ஒரே ஒரு பிசியோ படிவம் மட்டும் முரண்படுகிறது என்றால், தொடக்கம் எப்போது என்பதை மட்டும் ஸ்பெஷல் மாஸ்டர் தீர்மானிக்கட்டும் என்று கேட்கலாம். வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம், அந்த வாரம் அனுப்பிய மெசேஜ் இருந்தால் அதுவும் சாட்சி. அது நமக்குச் சாதகமாக வந்தால் தொகை கூடும். ஓட்டை பெரியது என்றால், அதாவது ஊசிக்கு முந்தைய வருஷமே அதே தோளுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறது, அல்லது ஊசிக்குப் பிறகு இரண்டு தடவை வேறு காரணத்துக்கு டாக்டரிடம் போயும் தோள் பற்றி ஒரு சொல் இல்லை என்றால், இப்போது மேஜையில் இருக்கும் பணத்தின் மதிப்பு அதிகம். தோற்றால் ஒன்றும் இல்லை. பாதித் தொகை என்று ஒரு தீர்ப்பு வராது.

தொகை எவ்வளவு நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். வலிக்கும் மன வேதனைக்கும் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர், 1986இல் எழுதியது, விலைவாசிக்கு ஏற்ப ஏறவே இல்லை. இறப்புக்கும் அதே 2,50,000. நாற்பது வருஷமாக ஒரு தொகையை அப்படியே வைத்திருப்பது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், அதை மாற்ற நாடாளுமன்றத்தால்தான் முடியும். சம்பள இழப்பு, காப்பீடு தராமல் கையிலிருந்து போன மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் செலவு ஆகியவை இதற்கு மேல் தனி. தோள்பட்டைக் கேஸ்களைப் பற்றி தலைமை ஸ்பெஷல் மாஸ்டர் தன் தீர்ப்புகளில் தொகுத்துச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ஸ்டிபுலேஷனில் முடிந்தவற்றின் நடு மதிப்பு சுமார் 50 ஆயிரம் டாலர், அரசு ஏற்றுக்கொண்டு புரொஃபரில் முடிந்தவற்றில் சுமார் 80 ஆயிரம். இந்த வித்தியாசம்தான் ஓட்டையின் விலை. அறுவை சிகிச்சை நடந்திருந்தால் தொகை நன்றாக உயரும். எம்ஆர்ஐயில் தெரிந்தது என்ன, எத்தனை கார்டிசோன் ஊசி, எத்தனை தடவை பிசியோ, நடுவில் ஆறு மாதம் சிகிச்சையே இல்லாமல் விட்ட இடைவெளி உண்டா, இவற்றை வைத்துத்தான் பேரம். இந்த இடைவெளி நம்மவர்களை ரொம்பப் பாதிக்கிறது. காப்பீடு பிசியோவுக்கு எண்ணிக்கை வைத்துவிடும், அல்லது குழந்தைகள், ஷிஃப்ட், ஊருக்குப் போய்வந்தது என்று போகாமல் விட்டிருப்பார்கள். தாளில் பார்ப்பவருக்கு அது வலி குறைந்துவிட்டது என்று தெரியும். ஊரில் வந்து வைத்தியம் பார்த்திருந்தால் அந்த ரசீதும் சீட்டும் தேதியோடு வக்கீலிடம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருக்காவிட்டால் இப்போதே அனுப்புங்கள்.

கையெழுத்துக்கு முன் தோள்பட்டை டாக்டரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இது நான் அழுத்திச் சொல்லும் விஷயம். சமரசம் முடிந்தால் முடிந்ததுதான், அடுத்த வருஷம் அறுவை சிகிச்சை என்று வந்தால் மறுபடி கதவைத் தட்ட முடியாது. டாக்டர் அறுவை சிகிச்சை பற்றி ஏற்கெனவே பேசியிருந்து, அது பதிவில் ஏறாமல் வெறும் பேச்சாக இருந்தால், பதிவில் ஏறிய பிறகு தொகை பற்றிப் பேசுவது வேறு மாதிரி இருக்கும். தோள் இனி இவ்வளவுதான் என்று ஒரு நிலைக்கு வந்துவிட்டதா, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

அக்கா ஆஸ்பத்திரி ஊழியர் என்பதால் இன்னொரு கேள்வி. வேலையிடத்திலேயே கட்டாய ஃப்ளூ ஊசி போட்டிருந்தால் ஊழியர் காயக் காப்பீட்டிலிருந்து சம்பளமோ மருத்துவச் செலவோ கிடைத்திருக்கலாம். அதில் கிடைத்ததை இங்கே மறுபடி வாங்க முடியாது. பத்திரத்தில் அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது, அதில் மனுதாரரும் வக்கீலும் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். வலிக்கான தொகையை அது தொடாது. ஆனால் ஏதாவது வாங்கியிருந்தால் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நடுவில் வேலை போய், வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் சிகிச்சை பார்த்திருந்தால், மாநில அரசு அந்தச் செலவைத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு, அதை ஸ்டிபுலேஷனிலேயே தனித் தொகையாகச் சேர்த்து அடைக்கிற வழக்கமும் உண்டு. கையெழுத்துக்குப் பிறகு நினைவுக்கு வந்தால் அக்காவின் பங்கிலிருந்து போகும்.

தொகையை மறுத்துவிட்டுக் கம்பெனி மேல் வழக்குப் போடலாமே என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஏட்டில் அப்படி ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பு வந்தபின் அதை ஏற்காமல் 90 நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளி நீதிமன்றம் போகலாம். ஆனால் ஊசியின் வடிவமைப்பே சரியில்லை என்ற வாதத்தோடு போக முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் வையத் என்ற தடுப்பூசி நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 6-2 என்று சொல்லிவிட்டது. ஊசியை மேலே போட்டுவிட்டார் என்று நர்ஸையோ ஃபார்மசியையோ தனியாக இழுத்து, அலட்சியத்தை நிரூபித்து ஜெயிப்பது இதைவிடக் கடினம், செலவும் அக்காவுடையது. தோள்பட்டைக் கேஸுக்கு அந்த வழியில் ஏதும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வக்கீல் விஷயம் நல்ல செய்தி. இந்தத் திட்டத்தில் வக்கீல் பங்கு கேட்க முடியாது. விபத்துக் கேஸ்களில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்களே, அது இங்கே சட்டப்படி கூடாது. அவருடைய கட்டணத்தை ஸ்பெஷல் மாஸ்டர் மணிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்து, அதே நிதியிலிருந்து தனியாகக் கொடுப்பார். நியாயமான அடிப்படையோடு, நல்லெண்ணத்தோடு போட்ட மனு என்றால் தோற்றாலும் கொடுப்பார். ஆகவே பத்திரத்தில் எழுதிய தொகை முழுதும் அக்காவுக்குத்தான். யாராவது அதிலிருந்து சதவீதம் கேட்டால் உடனே ஸ்பெஷல் மாஸ்டரின் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். இதே காரணத்தால், வக்கீல் அவசரப்படுத்துகிறார் என்றால் பங்கு ஆசை என்று சந்தேகப்படத் தேவையில்லை; பெரும்பாலும் ஓட்டையைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றுதான் அர்த்தம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், அமெரிக்கா தடுப்பூசிக்கு 500 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுத்துவிட்டது, பாருங்கள் ஊசி எவ்வளவு ஆபத்து என்று செய்தி சுற்றுவதாகவும், அக்கா பெயரையும் அதில் இழுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தொகை உண்மை, 1988இலிருந்து இதுவரை சேர்ந்தது. அதே சுகாதாரத் துறை வெளியிடும் கணக்கில் 2006க்குப் பிறகு போட்ட ஊசிகளில் சுமார் 10 லட்சம் டோஸுக்கு ஒருவர் இழப்பீடு பெற்றிருக்கிறார் என்பதும் உண்மை, அதில் பாதிக்கு மேல் மேலே சொன்ன மாதிரி காரணத்தை ஏற்காமல் முடித்தவை என்பதும் உண்மை. ஆட்டிசத்துக்கு ஊசி காரணம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதே நீதிமன்றத்துக்கு வந்தன. மாதிரிக் கேஸ்களை எடுத்து, பல வாரம் நிபுணர்களை விசாரித்து, 2009லும் 2010லும் ஆதாரம் இல்லை என்று தீர்ப்பானது. அக்காவின் தோள் வலி நிஜம். அதற்குப் பணம் வாங்குவது அவர் உரிமை. அந்த வலியைக் காட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அக்காவும் ஆஸ்பத்திரியில் இருப்பவர், அவரும் அதை விரும்பமாட்டார்.

இடையில் ஒன்று, உங்கள் கேள்வியில் மைத்துனரின் கோவிட் ஊசி பற்றியும் ஒரு வரி இருந்தது. அது இந்தத் திட்டத்தில் வராது, 2005ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் இருக்கும் வேறொரு அவசரகாலத் திட்டத்தில் வரும். அதில் நீதிமன்றம் இல்லை, வக்கீல் கட்டணம் இல்லை, வலிக்கான தொகை இல்லை, ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வந்து, பணம் பெற்றவர்கள் மிகமிகக் குறைவு. இது நியாயமாக நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாகப் பெயர். வாயை அடைக்கக் கொடுக்கும் பணம் என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில்: சமரசமாக முடிந்த கேஸிலும் ஸ்பெஷல் மாஸ்டர் உத்தரவு போடுகிறார், அது தொகையோடும் ஸ்டிபுலேஷனோடும் நீதிமன்ற இணையதளத்தில் யாரும் படிக்கும்படி ஏறும். மனுதாரர் பெயரும் அதில் இருக்கும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் முதலெழுத்து போதும். உத்தரவு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள், தனிப்பட்ட மருத்துவ விவரங்களை மறைக்கக் கேட்டு மனு போடலாம். பெயரை முதலெழுத்தாக்கவும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அக்காவுக்கு வேலையிடத்தில் இது தெரியக் கூடாது என்ற கவலை இருந்தால், கையெழுத்துப் போடும் நாளிலேயே வக்கீலிடம் சொல்லி அந்த மனுவைத் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். 14 நாள் போனபின் கேட்டால் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது.